மகனைக் கேட்டு வந்தவர்கள்

எங்கள் வீட்டுக்கு முதல் பயிற்சியாளர் வந்தபோது நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வருவார் என்று மகன் காலையில் சொல்லியிருந்தான். எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. மொன்றியலில், லாசால் பக்கம் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மீன் பொரித்தால் வாசம் படிக்கட்டு முழுக்க நிற்கும். குளிருக்கு யன்னலும் திறக்க முடியாது. அந்த மனிதர் மூன்று மாடியையும் அந்த வாசத்துக்குள்ளால் ஏறி வந்து, கதவடியில் மூச்சு வாங்கியபடி, "போன்ஷூர், மதாம்" என்றார்.

மகன் அப்போது சீஜெப்பில் கடைசி வருடம். பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இந்த மாகாணத்துப் பிள்ளைகள் படிக்கும் இடம் அது. அங்கே அவன் ஃபுட்போல் விளையாடினான். காலால் உதைக்கிற பந்து அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு ஆளை ஆள் முட்டித் தள்ளுகிற விளையாட்டு. அதிலும் இவன் பந்தைத் தொடுவதே இல்லை. பந்தை எறிகிற பையனுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் பெரிய உடம்புக்காரர்களில் இவன் ஒருவன். எறிகிறவன்மேல் பாய வருகிறவர்களை மறித்துப் பிடிப்பதுதான் வேலை. முதல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு என் கணவர் கவலையோடு கேட்டார், "இவனுக்கு ஏனப்பா ஒருத்தரும் பந்து குடுக்கினம் இல்லை?"

சின்ன வயதிலேயே அவன் பெரிய உடம்பு. மீசை அரும்ப முன்னமே தகப்பனை விட உயர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, "என்ன குடுத்து வளக்கிறீர்?" என்று யாராவது கேட்பார்கள். சிரித்துக்கொண்டு, அன்பாகக் கேட்பதுதான். அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு காரடிக்குப் போய்விடுவான். அந்த உடம்பு எங்களுக்கு வேண்டும் என்று கேட்டு ஆட்கள் வீடு தேடி வருவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

எங்கள் வீட்டில் வெளியாட்களோடு கதைப்பது அவன் பொறுப்பு. யாரும் அப்படி ஒழுங்கு செய்யவில்லை. தன்பாட்டில் அப்படி ஆகிவிட்டது. கணவர் இரும்புக் கதவு செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்து முதுகை முறித்துக்கொண்டவர். அதற்குப் பிறகு டொக்டர், எக்ஸ்ரே, காப்புறுதிக்காரர் என்று எல்லாமே பிரெஞ்சில். நான் ஒரு கார்தெரியில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில், வேலை செய்கிறேன். என் பிரெஞ்சு அந்தப் பிள்ளைகளோடு படித்தது. கையைக் கழுவு, மெல்லப் போ, அழாதே, சப்பாத்தை மாற்றிப் போட்டிருக்கிறாய் என்று சொல்வேன். முள்ளந்தண்டைப் பற்றி ஒரு டொக்டர் சொல்வதைக் கேட்க அது காணாது. ஆகவே பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டியபடியே எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, டொக்டர் சொல்வதை எங்களுக்கும் நாங்கள் சொல்வதை டொக்டருக்கும் அவன் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றும் அப்படித்தான். பயிற்சியாளர் மேசைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம், நடுவில் அவன். வந்தவர் இந்த நகரத்திலேயே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்சியாளர். வயது குறைந்தவர். டப்லெட் என்கிற சின்னக் கணினியைத் திறந்து உடற்பயிற்சிக் கூடம், உடுப்பு மாற்றும் அறை, பெரிய கண்ணாடிச் சுவர் எல்லாம் காட்டினார். பிறகு மகனின் தோளில் கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து நெடுநேரம் கதைத்தார். முகம் மலர்ந்து, கையை விரித்து, இடையில் ஒருமுறை எழுந்து நின்றுகூடக் கதைத்தார். முடிந்ததும் நாங்கள் மகனைப் பார்த்தோம்.

"நல்லா விளையாடுறனாம்" என்றான்.

"இவ்வளவு நேரமும் அதையோ சொன்னவர்?"

"வேற கொஞ்சமும் சொன்னவர்."

காது சிவந்திருந்தது. தன்னைப் பற்றிய புகழ்ச்சியைத் தன் வாயாலேயே தாய் தகப்பனுக்குச் சொல்ல எந்தப் பிள்ளைக்குத்தான் வரும்? வந்தவர் போனபிறகு கணவர், "பொம்பிளை பாக்க வந்திட்டுப் போனமாதிரிக் கிடக்கு" என்றார். மகன் சிரிக்கவில்லை. பொரித்த மீன் முழுவதையும் தின்றுவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

அதற்குப் பிறகு இன்னும் சில இடங்களில் இருந்து தொலைபேசியில் கேட்டார்கள். ஒன்டாரியோவில் இருந்துகூட ஒருவர். அவற்றையெல்லாம் மகனே பேசி மெல்ல மெல்லத் தள்ளிவிட்டான். கடைசியில் இரண்டு இடம் நின்றது. ஒன்று, டப்லெட்காரரின் இடம்; மெட்ரோவில் போய் வரலாம். மற்றது கிழக்கே, நெடுஞ்சாலையில் சில மணித்தியாலம் ஓடிப் போகவேண்டிய ஒரு பட்டணத்தில். அங்கே முழுக்க முழுக்கப் பிரெஞ்சு. தமிழ் ஆட்கள் என்று ஒரு குடும்பமும் இல்லை.

அந்தக் கிழக்கு இடத்துத் தலைமைப் பயிற்சியாளர் தானே காரோட்டிக்கொண்டு, பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நரைத்த மனிதர். படமோ கருவியோ எதுவும் கொண்டுவரவில்லை. கோழிக்கறியும் புட்டும் வைத்தேன். உறைப்பில் கண் கலங்கியும் நிறுத்தாமல் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே மகனிடம் ஏதோ கேட்டார். மகன் என் பக்கம் திரும்பினான்.

"உங்களுக்கு என்னத்துக்குப் பயம் எண்டு கேக்கிறார்."

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "தலைக்கு" என்றேன். "தலையில அடிபட்டு என்னவும் நடந்தா எண்டு கேள்."

அவன் சொன்னான். அந்த மனிதர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டி, மெதுவாக, என்னையே பார்த்தபடி கதைத்தார். நடுவில் ஒரு இடத்தில் "கொம் மோன் கார்ஸோன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அது எனக்கு விளங்கும். என் பிள்ளையைப் போல என்று அர்த்தம்.

மகன் சொன்னது வேறு. "அடிபட்டா விளையாட விடமாட்டினமாம். அங்க டொக்டர் இருக்கிறாராம்."

பிள்ளையைப் போல என்றதை அவன் எனக்குச் சொல்லவில்லை. நானும் எனக்கு விளங்கியது என்று காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சொல்லை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் எனக்கு அந்தச் சொல்தான் நினைவில் வந்தது.

இருந்தாலும், நாங்கள் இருவரும் விரும்பியது இங்கேயே இருப்பதைத்தான். வீட்டில் சாப்பிட்டு, வீட்டில் படுத்து, மெட்ரோவில் போய் வரட்டும் என்று நினைத்தோம். கணவர் நேராகச் சொல்லமாட்டார். "அந்தக் கண்ணாடிக் கட்டடம் நல்ல கட்டடம், என்ன?" என்று அவன் காதில் விழச் சொல்வார். நான், "இஞ்சயெண்டா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போகலாம்" என்பேன். அவன் இரண்டுக்கும் தலையாட்டுவான்.

பிள்ளைகள் ஓரிடத்தை விட்டு இன்னோரிடத்தை எதற்காகத் தெரிவு செய்கிறார்கள் என்பதைப் பற்றி அந்த மாதங்களில் எல்லோரும் எனக்கு விளக்கம் சொன்னார்கள். கார்தெரியில் என்னோடு வேலை செய்யும் பெண்ணின் மருமகன் இதே விளையாட்டுக்காரன். "முதல் வருசமே ஆடவிடுகிற இடத்துக்குத்தான் போவார்கள்" என்றாள். கோயிலில் ஒருவர், வென்று கிண்ணம் எடுக்கிற இடத்துக்குத்தான் பெடியள் ஓடுவார்கள் என்றார். உடுப்பின் நிறத்தைப் பார்த்துப் போகிறவர்களும் இருக்கிறார்களாம். கூட்டாளி போகிற இடத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களாம். கணவர் கட்டடம் என்றே நின்றார். நான் பயிற்சியாளர்தான் என்று நினைத்தேன். ஒருவரும் அவனை உட்கார வைத்துக் கேட்கவில்லை; கேட்டாலும் அவன் சொல்லியிருக்கமாட்டான்.

நகரத்து இடத்தைப் பார்க்க எங்களையும் கூட்டிக்கொண்டு போனான். நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது மெட்ரோவில், "பிடிச்சிருக்கோ?" என்று கேட்டேன். "ஓம், நல்லம்" என்றான். மற்ற இடத்துக்குத் தனியாகப் போய், அங்குள்ள பெடியளோடு ஒரு சனி ஞாயிறு தங்கிவிட்டு வந்தான். வந்து சப்பாத்தைக் கழற்றும்போது வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டுக்குள் பாடி நான் கேட்டதில்லை.

சில நாள் கழித்து, சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பை கழுவிக்கொண்டு நின்றவன், திரும்பாமலே சொன்னான். "நான் அங்க போறன்."

"எங்க?"

"தூர இருக்கிறதுக்கு."

"ஏன் ராசா?"

"அவையின்ர ப்ரோகிராம் நல்லம்."

"அதில என்ன நல்லம்?"

"எல்லாம்தான், அம்மா."

கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பிறகு மறுபடி கூட்டினார். நான் அவரிடம் தனியாக, அந்தப் பயிற்சியாளர் என் பிள்ளையைப் போல என்று சொன்னவர் என்றேன். அவரும் மனம் ஆறட்டும் என்றுதான் சொன்னேன். "சொல்லுறது சுகம்" என்றார்.

கோடைகாலத்தில், மகன் புறப்படச் சில கிழமைகளே இருக்கும்போது, அந்தப் பயிற்சியாளர் வேலையை விட்டார். மேற்கே எங்கோ சம்பளத்துக்கு விளையாடுகிற பெரிய அணி ஒன்று அவரைக் கூப்பிட்டுவிட்டதாம். மகன் தன் தொலைபேசியில் அதை வாசித்துவிட்டு, நாளைக்கு மழையாம் என்று சொல்கிற குரலில் எங்களுக்குச் சொன்னான்.

கணவர் நம்பவில்லை. "அந்த மனுசன் எங்கட வீட்டில இருந்து சாப்பிட்டவர்."

"அது அவரின்ர தொழில், அப்பா."

"அப்ப உன்னை ஆர் பாக்கிறது?"

"வேற ஒருத்தர் வருவார்."

"இஞ்ச இருக்கிறவைக்குச் சொல்லு. அவை இப்பவும் எடுப்பினம்."

"இல்லை. நான் அங்கதான் போறன்."

அவனைக் கேட்டு வந்தவரே இல்லாத இடத்துக்கு அவன் ஏன் போகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன். யாரையாவது கூப்பிட்டுக் கேட்கவேண்டும்போல இருந்தது. நீங்கள் என் பிள்ளையைப் போல என்று சொன்னீர்களே என்று அந்த மனிதரிடமே கேட்கவேண்டும்போல இருந்தது. எந்த மொழியில் கேட்பது? எனக்காகக் கேட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஆள், இதைக் கேட்கவே கூடாது என்று நின்றவன்தான். அவனுடைய போர்வையையும் தலையணையையும் சோறு வடிக்கிற ஒரு சட்டியையும் காரில் ஏற்றினோம். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

முதல் இலையுதிர்காலம் முழுக்க அவன் கோட்டுக்கு வெளியே நின்றான். புதிய பயிற்சியாளர் தனக்குத் தெரிந்த பெடியளைக் கொண்டுவந்திருந்தார். ஆட்டம் பார்க்க நாங்கள் சனிக்கிழமைகளில் போவோம். கணவரால் நெடுநேரம் காரில் இருக்க முடியாது. பாதி வழியில் நிறுத்தி, பெற்றோல் நிலையத்தைச் சுற்றி நடந்துவிட்டு ஏறுவார். அப்படிப் போய்ப் பார்த்தால், மற்றப் பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து நிற்க, எங்கள் பிள்ளை தோய்த்து மடித்த மாதிரியே உடுப்போடு, தலைக்கவசத்தைக் கையில் தொங்கவிட்டபடி நிற்பான். ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொள்வான். "நல்லா நடந்தது, என்ன?" என்பான். நாங்களும் ஓம் என்போம்.

தூரப் போனாலும் எங்கள் காரியங்கள் அவனை விடவில்லை. டொக்டரிடம் போனால் என் தொலைபேசியை மேசையில் வைத்து அவனைக் கூப்பிடுவோம். அவன் அங்கிருந்து டொக்டரோடு கதைத்து எங்களுக்குச் சொல்வான். சில நேரம் பின்னால் இரும்புச் சத்தமும் பெடியளின் கூச்சலும் கேட்கும். சில நேரம் எடுக்கமாட்டான். டொக்டர் மணிக்கூட்டைப் பார்ப்பார். நாங்கள் மறுபடி அடிப்போம். "ட்ரெயினிங்கில நிண்டனான், அம்மா" என்று பிறகு கூப்பிட்டுச் சொல்வான். கோபமாக ஒருநாளும் சொன்னதில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு முன்னமே விளங்கியிருக்கும்.

இரண்டாம் வருடம், வரிசையில் நின்ற ஒருவனுக்குத் தோள் விலகியதால் இவனுக்கு இடம் கிடைத்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம் அது. நல்ல வெயில், மேப்பிள் இலையெல்லாம் சிவந்திருந்த நாள். ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிந்தார்கள், ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஒருவன் எழும்பவில்லை. எல்லோரும் ஒரே உடுப்பில் இருப்பதால் யார் என்று தெரியவில்லை. இலக்கத்தைப் பார்த்த கணவர்தான் என் கையைப் பிடித்தார்.

படிகளில் இறங்கி ஓடினேன். கீழே வேலியடியில் அணியின் ஜக்கெட் போட்ட ஓர் இளைஞன் உள்ளங்கையைக் காட்டி மறித்தான். "மதாம், சில்வூப்ளே." தயவுசெய்து என்று மரியாதையாகத்தான் சொன்னான். விழுந்து கிடப்பவன் என் மகன் என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சில் தெரியும். அந்த நேரம் வாயில் வரவில்லை. தமிழில் சொன்னேன். அவன் தலையசைத்துக்கொண்டே என்னை மறித்து நின்றான். வேலிக்கு அந்தப் பக்கம் மகனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தான். உதடு வெளுத்திருந்தது. முழங்கால் தலையணை அளவுக்கு வீங்கியிருந்தது. கணவர் அவனுடைய ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யார் கொடுத்ததோ தெரியாது. டொக்டர் ஓர் இளம் பெண். என்னைப் பார்த்துச் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தி, மகனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறந்தான்.

"முழங்காலுக்குள்ள ஒரு நார் அறுந்திட்டுதாம்" என்றான். "ஒப்பரேஷன் செய்யவேணுமாம்."

டொக்டர் இன்னும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். எங்களுக்குச் சொல்ல வரும்போது நோவு வந்து பல்லைக் கடித்தான். அது போகுமட்டும் நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம்.

"இப்ப இல்லையாம். வீக்கம் குறைஞ்ச பிறகாம்."

"திருப்பி விளையாடலாமோ எண்டு கேள்" என்றார் கணவர்.

நான் அவரைத் தடுத்திருக்கலாம்; எனக்கும் அதைத்தான் கேட்கவேண்டும்போல இருந்தது. மகன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு டொக்டரிடம், தன்னைப் பற்றி அல்லாமல் வேறு யாரோ ஒருவனைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டான். அவள் குனிந்து, அவன் கையில் தன் கையை வைத்து நெடுநேரம் சொன்னாள்.

"பாப்பமாம்" என்றான் எங்களுக்கு.

குளிர்காலத்தில் ஒப்பரேஷன் முடிந்து ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தான். காயப்பட்டு இருப்பவர்களுக்குச் சின்ன வேலைகள் கொடுப்பார்களாம். இவனுக்குக் கொடுத்தது, அணிக்குப் புதிதாகப் பிடிக்க நினைக்கும் பிள்ளைகள் பார்க்க வரும்போது கூட்டிக்கொண்டு திரிந்து இடத்தைக் காட்டும் வேலை. அவனைக் கொஞ்ச நாள் வீட்டுக்குக் கூட்டிவர நான் தனியாகக் காரோட்டிக்கொண்டு போனேன். தெரு பனியில்லாமல் காய்ந்திருந்ததால் சொன்ன நேரத்துக்கு முன்னமே போய்விட்டேன். விளையாட்டுக் கட்டடத்தின் நீண்ட நடையில், குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு இருந்தது. அதில் உட்கார்ந்தேன்.

கொஞ்சம் தள்ளி அவன் நின்றான். நான் இருந்ததை அவன் காணவில்லை. அவனோடு உயரமான ஒரு கறுப்பினப் பையனும் தாயும். மொன்றியலில் இருந்து வந்த ஹெயிட்டி ஆட்கள் என்று தாயின் பேச்சில் தெரிந்தது. என் மகன் ஊன்றுகோலால் அங்கே இங்கே காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தான். அவன் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. பகிடி விட்டான். தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுவரில் இருந்த பழைய அணிகளின் படங்களைப் பார்க்க அவள் அந்தப் பக்கம் நடந்துபோனதும், பையன் குரலைத் தாழ்த்திக் கேட்டான், "பூர்குவா இசி?" ஏன் இங்கே வந்தாய் என்று. பூர்குவா என்று என்னிடம் பிள்ளைகள் நாள் முழுக்கக் கேட்கிறார்கள். எனக்கு விளங்காமல் போக வழியில்லை.

மகன் பையனின் தாய் எவ்வளவு தள்ளி நிற்கிறாள் என்று திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"ஸே லுவான்."

தூரம், அவ்வளவுதான். பையன் சிரித்தான்; மகன் சிரிக்கவில்லை. அதற்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் சொன்னான். வேகமாகச் சொன்னதில், "மே பரோன்" என்றதும் "டெலெஃபோன்" என்றதும் மட்டும் எனக்குப் பிடிபட்டன. என் அப்பா அம்மா, தொலைபேசி. மிச்சத்தை என்னால் நிரப்ப முடிந்தது.

அந்த இடத்தின் பயிற்சியாளரும் கட்டடமும் கிண்ணமும் அவனை இழுக்கவில்லை. ஒரு டொக்டரும் காப்புறுதிக்காரரும் அவனைக் கூப்பிட்டு, உன் அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்காத ஓரிடமாக அது இருந்தது. கோயில் வாசலில் அவன் உடம்பைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லாத இடமாகவும் இருந்திருக்கும். அங்கேயும் நாங்கள் தொலைபேசியில் போனோம். பிறகு நேரிலும் போய், நார் அறுந்த முழங்காலோடு கிடந்தவனிடம், டொக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டோம்.

எழுந்து போகலாமா, அங்கேயே இருக்கலாமா என்று தெரியாமல் இருந்தேன். அதற்குள் அந்தத் தாய் படங்களைப் பார்த்துக்கொண்டே என் பக்கம் வந்துவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்து, இங்கே விளையாடுகிற பிள்ளையின் தாயா என்று கேட்டாள். ஓம் என்றேன். உடனே பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இங்கே பிள்ளைகளை நன்றாகப் பார்க்கிறார்களா என்று கேட்டாள். எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

அவளுக்கு என்ன சொல்வது? கேட்டு வந்தவர் போய்விட்டார் என்றா? முழங்கால் நார் அறுந்தது என்றா? என் பிள்ளைக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது, அதற்குக் காரணம் நான் என்றா? "வி, மதாம்" என்றேன், ஓம் என்று. அவள் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள். நான் அவளுக்குச் சொன்னது உண்மையா பொய்யா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

காரில் அவன் பின் சீற்றில் காலை நீட்டிக்கொண்டு இருந்தான். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளை வயல். கேட்டுவிடவேண்டும் என்று நினைத்தேன். எதைக் கேட்பது? நீ எங்களை விட்டுத்தான் போனாயா என்று கேட்டால், இல்லை என்று சொல்வான். அப்படிச் சொல்லவேண்டிய வேலையும் அவனுக்கு வரும். அதனால், "அங்க உனக்கு நல்லா இருக்கோ?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம், அம்மா."

கொஞ்ச நேரத்தில் என் தொலைபேசி அடித்தது. அது முன் சீற்றில் கிடந்தது. என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். நான் எட்டுவதற்குள் அவன் பின்னால் இருந்து குனிந்து எடுத்துவிட்டான். பிரெஞ்சில் கதைத்தான், வி, வி, ஸோன் ஃபிஸ் என்றான். அவரின் மகன்தான் என்று. வைத்துவிட்டு, "அப்பாவின்ர ஸ்கானை வியாழனுக்கு மாத்தியிருக்கினமாம். நான் வெள்ளி திரும்பிப் போனாக் காணும்" என்றான்.

"நீ புதன் போகவேணும் எண்டு சொன்னனீ."

"பறவாயில்லை."

"நாங்கள் பாப்பம், தம்பி. நீ போ."

"ஆர் கதைக்கிறது?"

கோபம் இல்லாமல்தான் கேட்டான். காலநிலையைக் கேட்பதுபோல. நான் தெருவைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவனைக் கூப்பிடுவதில்லை என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். காரணத்தை நான் கணவருக்குச் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளையைக் குழப்பக்கூடாது என்று சொன்னேன். அடுத்த சோதனைக்கு நாங்களே போனோம். முதல் நாள் தொலைபேசியில் தாதி சொன்னதை நான் கேட்டு, சாப்பிடாமல் வரவேண்டும் என்று விளங்கிக்கொண்டேன். கணவர் விடியத் தொடங்கி ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. அங்கே போனால், அவள் சொன்னது சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று. காலையில் போடவேண்டிய குளிசையும் போடாமல், வெறும் வயிற்றில் தலைசுற்றி, கணவர் கதிரையில் சரிந்துவிட்டார். என்ன நடந்தது என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். நான் மகனைக் கூப்பிட்டேன். முதல் அடியிலேயே எடுத்தான்.

முழங்கால் ஆறியது. ஆனால் முன்போல ஆகவில்லை. அடுத்த இரண்டு வருடமும், யாராவது களைத்தால் உள்ளே போய் வருகிறவனாக இருந்தான். அந்த ஹெயிட்டிப் பையன் கடைசியில் நகரத்துக் கண்ணாடிக் கட்டடத்துக்கே போனான் என்று மகன் சொன்னான். தாயோடு இருக்க விரும்பினானாம். மகன் படிப்பை முடித்தான். அந்தப் பட்டணத்திலேயே ஒரு பாலம் கட்டும் கம்பெனியில் வேலைக்கும் கேட்டுவிட்டார்கள். திரும்பி வருகிறாயா என்று நாங்கள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

படிப்பு முடிய முன்னம், போன வருடம், அவனுடைய கடைசி ஆட்டம். கடைசி வருடப் பிள்ளைகளை ஆட்டம் தொடங்க முன் தாய் தகப்பனோடு மைதானத்துக்குள் நடத்திக் கூட்டிப்போவது அங்கே வழக்கம். எங்களையும் வேலிக்குள் விட்டார்கள். அது உண்மையான புல் இல்லை, பிளாஸ்டிக். அதற்குள் கறுப்பு ரப்பர் துகள் போட்டிருக்கிறார்கள், சப்பாத்துக்குள் எல்லாம் போய்விடுகிறது. மகன் நடுவில் நின்று தகப்பனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான், முதுகு பிடிக்காமல் நடக்கட்டும் என்று. மற்றக் கையால் என்னைப் பிடித்துக்கொண்டான். ஒலிபெருக்கியில் எங்கள் பெயரைச் சொன்னார்கள். ஆட்கள் கை தட்டினார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் நிலத்தைப் பார்த்து நடந்தேன். "அங்க பாருங்கோ, படம் எடுக்கினம்" என்றான். பார்த்தேன்.

அன்று அவர்கள் தோற்றார்கள். முடிந்தபிறகு அவன் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து விடைபெற்றுக்கொண்டிருந்தான். சிலர் அழுதார்கள், அவனும் அழுதிருக்கலாம், தூரத்தில் தெரியவில்லை. கணவருக்குக் குளிர் தாங்கவில்லை. நாங்கள் போய்க் காரை முடுக்கி, ஹீட்டரைப் போட்டுவிட்டு, உள்ளே இருந்தோம். அவன் வர வெகுநேரம் ஆயிற்று.